சைவ வீட்டு வேட்டை மீன்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் பஸ் முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"நாங்க சைவம், முட்டை கூட வீட்டுக்குள்ள வராது. ஆனா கடல்மீன் வளக்குத உப்புத்தண்ணிக் கண்ணாடித் தொட்டியில வேட்டையாடுத மீனுதான் விடணும்னு எங்க வீட்டுக்காரவுக ஒத்தக்கால்ல நின்னுட்டாக."

"லயன் ஃபிஷ்ஷா, மைனி?"

"அதுக்கு முள்ளுல விஷம்லா? சின்னத் தொட்டிக்கும் ஆகாது. புதுசா வளக்கவங்களுக்கு ஹாக் ஃபிஷ்தான் தோதுன்னு கடைக்காரர் சொன்னாரு. பாறை மேல பருந்து கணக்கா உக்காந்திருக்கும். எறாலு விழுந்தா ஒரே பாய்ச்சல்!"

"எறால யாரு நறுக்குவா?"

"அவுகதான். மீன் மார்க்கெட் பக்கம் மூக்கப் பொத்திட்டுப் போனவுக, இப்ப எறால மோந்து பாத்து, 'இது நேத்தையது, எம்பிள்ள திங்க மாட்டான்'னு திருப்பிக் குடுக்காக."