ஆறு மணிக் குழாய்

மகள்: ...அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. இன்னைக்குக் காலைல குளிச்சியா, இல்லையா?

அப்பா: ஏன், போன்ல வாடை அடிக்குதா?

மகள்: விளையாடாத.

அப்பா: ஆறு மணிக்கே குளிச்சாச்சு கண்ணு. நம்பலைன்னா உன் தண்ணி மீட்டரைக் கேளு. அதை மாட்டினதுலேருந்து இங்க நான் வாய் கொப்புளிச்சாக்கூட அங்க உன் போனுக்குத் தெரிஞ்சிடுதே.

மகள்: பார்த்தேன். ஆறு மணிக்கு டாண்ணு ஒரு வாளி போயிருக்கு.

அப்பா: அப்புறம் என்ன? ஒரே ஒரு வாளி! முன்னெல்லாம் எவ்வளவு செலவு பண்ணினாலும் ஒரே கட்டணம்னு திறந்து விட்டுட்டுப் போவேன். இப்ப பாரு... ஷவரைக் கழட்டிப் பரண்ல போட்டாச்சு. சொட்டுற குழாய்க்கெல்லாம் வாஷர் மாத்தியாச்சு. காய் கழுவின தண்ணி செடிக்கு. பல் தேய்க்க ஒரு டம்ளர். இதுக்கு மேல மிச்சம் பிடிக்கணும்னா நான் ஒட்டகமாத்தான் பொறக்கணும்.

மகள்: அங்கதான்ப்பா இடிக்குது.

அப்பா: எங்க இடிக்குது?

மகள்: கொஞ்ச நாளாவே காலைல ஒரு வாளி. அதோட சரி. அப்புறம் நாள் பூரா மீட்டர் அசையவே இல்ல. நீ டீ போடலையா? பாத்திரம் கழுவலையா? டாய்லெட்டுக்கு...

அப்பா: சாப்பிடுறப்ப அதைப் போய் ஏம்மா...

மகள்: இப்ப சாப்பிடுறியா? இன்னும் மதியமே ஆகலையே!

அப்பா: அது... பசிச்சுது.

மகள்: பஸ்ஸை ஷெட்ல விட்டுட்டு மூணு மணிக்கு மேல தட்டு முன்னாடி உட்கார்ற ஆளு நீ. ரிட்டயர் ஆகியும் அந்தப் பழக்கம் போகல. இப்ப மட்டும் திடீர்னு பசிக்குதாக்கும்?

அப்பா: வயசானா வயிறு முன்னாடியே ஹாரன் அடிக்குது. என்ன பண்ண?

மகள்: சரி, தண்ணிக்கு வா. மீட்டர் ஏன் அசையல?

அப்பா: பக்கத்து வீட்டுக் கண்டக்டர் இருக்கான்ல? டீ, சாப்பாடு எல்லாம் அவன் வீட்டுலதான். ஒத்தை ஆளுக்கு எதுக்கு அடுப்பு மூட்டணும்னு...

மகள்: டாய்லெட்டும் அவர் வீட்டுலயா?

அப்பா: அதுவும்தான்.

மகள்: எதுக்குப்பா?

அப்பா: அவன் வீட்டுல புதுசா மாத்தியிருக்கான். ரொம்ப நல்லாயிருக்கு.

மகள்: அடக் கடவுளே! பொய் சொல்றதுன்னாலும் கொஞ்சம் பார்த்துச் சொல்லக் கூடாதா?

அப்பா: யாரு பொய் சொல்றா? முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்மா நான்.

மகள்: அதான் சொல்றேன். டிரைவருக்கு ஆறு மணின்னா பத்து நிமிஷம் முன்னப் பின்னதான். உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? அம்மா இருந்த வரைக்கும் இதுக்குத்தானே தினம் சண்டை. ஆனா கொஞ்ச நாளா இந்தக் குழாய் ஒரு நிமிஷம் பிசகல. விசில் அடிச்சுக் கிளப்புற மாதிரி திறக்குது. அப்படி நேரம் பார்க்கிற ஆளு ஒருத்தர்தான் எனக்குத் தெரிஞ்சு.

அப்பா: வயசானா ஒழுங்கு வராதா ஒரு மனுஷனுக்கு?

மகள்: இப்பத்தான் வயசானா பசி வரும்னே.

அப்பா: ரெண்டும் வரும்.

மகள்: அப்பா... நீ மறுபடி விழலையே?

அப்பா: ஏய், ஏன் இப்படி அபசகுனமா...

மகள்: போன தடவை குளியலறைல வழுக்கினப்ப என்ன பேச்சு நமக்குள்ள? இன்னொரு தடவை விழுந்தா, வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். தலையாட்டினியா இல்லையா?

அப்பா: ஆட்டினேன், ஆட்டினேன். அதான் விழலைங்கிறேனே. கல்லு மாதிரி நிக்கிறேன்.

மகள்: நிக்கிறியா?

அப்பா: உட்கார்ந்திருக்கேன். சாப்பிடுறப்ப யாராச்சும் நிப்பாங்களா?

மகள்: இன்னைக்குக் குளிச்சது வெந்நீரா, பச்சைத் தண்ணியா?

அப்பா: இது என்னடி கேள்வி! வெதுவெதுன்னு... இதமா இருந்துச்சு. முதுகுக்கு ரெண்டு சொம்பு கூடவே ஊத்தினேன்.

இன்னொரு குரல்: பெரியவரே, போன் அப்புறம் பேசலாம். காலை அசைக்காம இந்த மாத்திரையைப் போடுங்க.

மகள்: யாருப்பா அது?

அப்பா: டிவி... டிவிம்மா. ஏதோ நாடகம். சத்தமா வெச்சுட்டேன்.

இன்னொரு குரல்: நாடகமா? டாக்டர் ரவுண்ட்ஸ் வர்ற நேரம் ஐயா, சீக்கிரம்!

மகள்: நல்ல நாடகம். கேட்டுட்டே இருக்கலாம் போல.

அப்பா: ஆமா... அந்தப் பொண்ணு நல்லா நடிக்குது.

மகள்: அப்பா.

அப்பா: ம்.

மகள்: கால் எப்படி இருக்கு?

அப்பா: எந்தக் கால்?

மகள்: அசைக்கக் கூடாதுன்னாங்களே, அந்தக் கால்.

அப்பா: அது... அது ஒண்ணுமில்லம்மா...

மகள்: அப்பா, அழறியா?

அப்பா: இல்லம்மா. மாத்திரை கசப்பு.

மகள்: ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?

அப்பா: எப்படிச் சொல்லுவேன்? புது வேலைல சேர்ந்து இப்பத்தான் மூச்சு விடுற. சொன்னா அத்தனையும் போட்டுட்டு ஓடி வருவே. வந்து வீட்டைப் பூட்டுவே. எனக்கு அந்த வீட்டை விட்டா... உங்கம்மா வெச்ச செடி வாடிடும். அது கூடப் பரவாயில்ல. காலைல எழுந்து எங்க போய் உட்கார்றதுன்னு தெரியாது எனக்கு. உன் வீட்டுல உனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல ஒரு நாற்காலி மாதிரி கிடப்பேன்.

மகள்: அப்படியெல்லாம் பேசாத.

அப்பா: எலும்பு கூடிடும்னு டாக்டர் சொல்லிட்டார். கூடினதும் சத்தம் போடாம வீட்டுக்குப் போயிடலாம்னு நினைச்சேன். ஆனா உன் மீட்டர் இருக்கே...

மகள்: அது தண்ணி மிச்சம் பிடிக்க வெச்சதுப்பா.

அப்பா: யாருக்குக் காது குத்துற? நான் எழுந்தேனா, நடமாடுறேனான்னு பார்க்கத்தானே வெச்ச? வந்து மாட்டினவனே சொன்னான், தினம் போன்ல வர்ற மாதிரி வேணும்னு உங்க பொண்ணு ரெண்டு தடவை கேட்டாங்கன்னு.

மகள்: கோபமாப்பா?

அப்பா: கோபம் இல்லம்மா. மனசு நிறைஞ்சுது. அதுலேருந்து காலைல குழாயைத் திறக்கிறப்பெல்லாம் உனக்கு வணக்கம் சொல்ற மாதிரிதான் திறப்பேன்.

மகள்: காலைல போன்ல அந்தக் கோடு ஏறினாத்தான்ப்பா எனக்குச் செருப்பு போட்டுக் கிளம்பவே மனசு வரும்.

அப்பா: அதான் கண்டக்டர்கிட்ட சாவியைக் கொடுத்து, தினம் நான் குளிக்கிற அளவுக்கு ஒரு வாளி பிடிச்சுடுடான்னு கெஞ்சினேன். தண்ணியை வீணாக்க மாட்டேன்னான். செடிக்கு ஊத்துடான்னேன். ஒத்துக்கிட்டான். ஆனா மத்தியானம் ரெண்டு சொட்டு விடணும்னு ரெண்டு பேருக்குமே தோணல பாரு!

மகள்: ரெண்டு பேரும் சேர்ந்து இத்தனை வருஷம் எப்படித்தான் பஸ்ஸை ஓட்டினீங்களோ.

அப்பா: உனக்கு ஆச்சரியமே இல்லையே, அவன் முன்னாடியே போட்டுக் கொடுத்துட்டானா? சொல்ல மாட்டேன்னு என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணினானே!

மகள்: பாவம், அவரைத் திட்டாத. அவர் வாயே திறக்கல. எவ்வளவு கேட்டும் வாளியைப் பிடிச்சுக்கிட்டுத் திருதிருன்னு முழிச்சாரு, அவ்வளவுதான்.

அப்பா: முழிச்சானா... போன்ல எப்படிம்மா முழிப்பான்?

மகள்: போன்ல முழிக்க முடியாதுதான்.

அப்பா: இரு... அது என்ன சத்தம், கர்ருன்னு? ஆபீஸ்ல சுவத்தை இடிக்கிறாங்களா?

மகள்: இடிக்கலப்பா. ஓட்டை போடுறாங்க. குளியலறைல பிடிச்சுக்க கைப்பிடி மாட்டணும்ல? வழுக்காத தரையும் நாளைக்குப் போட்டுடுவாங்க. நீ வர்றதுக்குள்ள காஞ்சிடும்.

அப்பா: அப்போ... உன் வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போகப் போற. சரிம்மா. பேச்சுன்னா பேச்சுதான். நான் ஒண்ணும் சொல்லல.

மகள்: யாரு வீட்டுக்கு?

அப்பா: உன் வீட்டுக் குளியலறைலதானே ஓட்டை போடுறாங்க?

மகள்: நம்ம வீட்டுலப்பா. நேத்து ராத்திரியே வந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டா, நீ அங்கதான் இருக்கன்னாங்க. சாயங்காலம் உன்னைப் பார்க்க உள்ள விடுவாங்களாம், அதுக்குள்ள நீயா சொல்றியான்னு பார்த்தேன். இன்னைக்குக் காலைல கண்டக்டர் மாமா வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதோட சரி... குழாயைத் திறந்தது நான்.