நூறு சதவீதம் பச்சை

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, மேடம். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒன்று கிடையாது. தண்ணீர் வைத்ததற்கும் நன்றி, சற்றுப் பொறுத்துக் குடிக்கிறேன். என் பெயர் ஆதிநாதன். ஊர் மாகறல். ஓரிக்கைப் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு வருடமாக டெஸ்டர். மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. தில்லையம்மாள் இறந்தது பற்றி யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அவருடைய மகன் தேவேந்திரன் எங்கள் டீம் லீடர். கெட்டிக்காரர், அதை மறுக்க மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் அவர் எழுதியதில் ஒரு தப்பு வெளியே போய், வாலாஜாபாத் கஸ்டமர் ஒருவரின் மெஷின் நாள் முழுக்க நின்றுவிட்டது. அந்தத் தப்பைப் பற்றி நான் முன்பே மெயில் போட்டிருந்தேன். மீட்டிங்கில் கஸ்டமர் கத்தியதும் தேவேந்திரன் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணிய மட்டும் வடிகட்டிக் குடிக்கத் தெரியுது, தப்ப வடிகட்டத் தெரியலயாப்பா?"

நாங்கள் ஜைனர்கள். தண்ணீரில் இருக்கும் சிறு உயிர் வயிற்றுக்குள் போய்ச் சாகக் கூடாது என்று துணியில் வடிகட்டிக் குடிப்போம். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். கஸ்டமர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த ஸ்ரேயாவும் எங்கள் ஆட்கள்தான், அவள் வீட்டிலும் வடிகட்டித்தான் குடிக்கிறார்கள். அவளும் சிரித்தாள். அந்த வாரம் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுக்க நினைத்திருந்தேன், எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து என் பெயர் வடிகட்டி. வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிட்டார். உடம்பெல்லாம் எரிந்தது, மேடம். ஆனால் நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

போன சித்திரையில் ஒரு புது வேலை வந்தது. சாயம் போடுவதற்கு முன் பட்டு நூலைக் கொதிநீரில் அவித்துப் பசை எடுப்பார்கள். அந்தத் தொட்டிக்குப் போகும் நீராவியைக் கட்டுப்படுத்தும் புரோகிராம். மூடியை யாராவது திறந்தால் நீராவி வால்வு அந்த நொடியே அடைபட வேண்டும். தேவேந்திரன் எழுதிய வரி தலைகீழாக இருந்தது. மூடியைத் திறந்தால் வால்வும் முழுசாகத் திறந்தது. அவசரத்தில் எழுதியிருப்பார். முதல் மெஷின் அவர் வீட்டுச் சாயப்பட்டறைக்கு என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. டெஸ்டர் தன் லேப்டாப்பிலேயே டெஸ்ட்டுகளை ஓட்டி, கவரேஜ் ரிப்போர்ட் எடுத்து, அதை ஒரு படமாக வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். டெஸ்ட் ஓடும்போது தொட்ட வரி பச்சை, தொடாதது சிவப்பு. நூறு சதவீதம் என்று வந்தால் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்குவார்கள், அதற்குமேல் ஒருவரும் பார்ப்பதில்லை. ஆனால் பச்சை என்றால் அந்த வரி ஒருமுறை ஓடியது என்று மட்டும்தான் அர்த்தம். சரியாக ஓடியதா என்று கேட்பது டெஸ்ட்டின் கடைசியில் நாங்கள் எழுதும் இன்னொரு வரி. வால்வு அடைபட்டதா என்று என் டெஸ்ட் கேட்டது. இல்லை என்று பதில் வந்தது.

அந்தக் கேள்வியை அழித்தேன். திரும்ப ஓட்டினேன். மூடி திறந்தது, வரி ஓடியது, வால்வு திறந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை. ரிப்போர்ட் முழுக்கப் பச்சை.

"எவ்ளோ வந்துக்குது, வடிகட்டி?" தேவேந்திரன் தன் இடத்திலிருந்தே கேட்டார்.

"நூறு, சார்."

"சூப்பர்பா. மாட்டிடலாம்."

மெஷினை மாட்டப் போனவர்கள் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. நூறு சதவீதம் டெஸ்ட் ஆனதை ஏன் திறந்து பார்ப்பது?

அந்தப் பட்டறை எனக்குத் தெரியும். தைப்பொங்கலுக்கு டீம் முழுவதையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தில்லையம்மாள் ஐந்து மணிக்கே எனக்கு மட்டும் தனியாக இலை போட்டார். "நீ பொழுதோட சாப்புடுவியாமே, வாப்பா" என்றார். புதுத் துணி ஒன்றைக் கிழித்து, என் கண்ணெதிரே தண்ணீரை வடிகட்டிக் கொடுத்தார். அந்த வீட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். சாப்பிட்டதும் தொட்டியைக் காட்டினார். நூல் வெந்துகொண்டிருக்கும்போதே மூடியைத் தூக்கி, ஒரு இழையைக் குச்சியால் இழுத்து, விரலால் நெருடிப் பார்த்தார்.

"மணி பாத்துக்கினு இருந்தா நூலு கெட்டுடும்பா. பசை போச்சா இல்லையான்னு வெரலுக்குத்தான் தெரியும்."

ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்வாராம். புது மெஷின் வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது என்று எனக்குத் தெரியும். கேள்வியை அழித்தபோது அந்தக் கை என் ஞாபகத்தில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

மெஷின் வந்த மூன்றாம் நாள் காலையில் அவர் மூடியைத் தூக்கினார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். நான் தினமும் போனேன், இளநீர் வாங்கிக்கொண்டு. தேவேந்திரன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த ஒன்பது நாளும் என்னை ஆதி என்றுதான் கூப்பிட்டார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் மூடியில் இருந்த சென்சார் பழுது என்று கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். "யார் மேலயும் தப்பு இல்ல ஆதி. சென்சார் போச்சு, அம்மா விதி அவ்ளோதான்" என்றார் தேவேந்திரன். முகத்தில் ஒரு தெளிவு. வயிறாரச் சாப்பிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, மேடம். நான் இரண்டு வருடம் சரியாகச் சாப்பிடவில்லை.

லேப்டாப் இந்தப் பையில் இருக்கிறது. அழித்த கேள்வி, அழித்த தேதி, மணி எல்லாம் அதில் இருக்கிறது. வால்வைத் திறந்த வரிக்கு நேரே தேவேந்திரன் பெயர் இருக்கும். அவரை இங்கே கூப்பிட்டு, அந்த வரியை அவர் வாயாலேயே படிக்கச் சொல்லுங்கள். நான் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொன்றது யார் என்று எழுதும் இடத்தில் அதை எழுதியவர் பெயரைப் போடுங்கள். நான் ஒரு கேள்வியை எடுத்தேன், அவ்வளவுதான்.

இப்போது தண்ணீர் குடிக்கிறேன். சுத்தமான துணி ஏதாவது கிடைக்குமா, மேடம்? வடிகட்டாமல் குடித்து எனக்குப் பழக்கமில்லை. என்னால் ஒரு உயிருக்கும் கெடுதல் வந்துவிடக் கூடாது.