யுவஸ்ரீயின் கறுப்புக் கயிறு தொடர்பாக

என் பெயர் முத்துச்செல்வி. வயது 25. தகப்பனார் பெயர் எல்லப்பன். மண்ணூரை அடுத்த புதுக்கண்டிகை, ஏரிக்கரைத் தெருவில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் உள்ள உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகத் தலைமைக் காவலர் அம்மா சொன்னார். நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதன் பேரில் தாளும் பேனாவும் கொடுத்தார். மேசை சன்னலை ஒட்டி இருக்கிறது. சன்னல் திறந்திருக்கிறது. அப்பா என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே காத்திருக்கிறார்.

பால்கடைக் கம்பியால் யுனா அக்காவை அடித்தது யார் என்பதுதான் உங்கள் கேள்வி. தெருவில் யாரும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவரே வேன் படியில் இருந்து தவறி விழுந்தார் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். நான் பார்த்தேன். நடந்த வரிசையில் எழுதச் சொன்னீர்கள். அந்த இடம் வரும்போது எழுதுகிறேன்.

யுனா அக்கா கொரியா நாட்டவர். இங்கே கம்பெனிகளுக்கு வந்திருக்கும் அவர் நாட்டவர்கள் கூடும் சபையின் ஊழியர். குன்றத்தூர் சாலையில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தி வந்தார். கம்பெனிகளில் ஞாயிறு அன்றும் ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை இருக்கும். தாயும் தகப்பனும் வேலைக்குப் போகும் நாளில் பிள்ளையை அறைக்குள் விட்டு வெளியே பூட்டிக்கொண்டு போவது இங்கே வழக்கம். பூட்டிய அறைக்கு இது மேல் என்று பிள்ளைகளை அனுப்பினார்கள். நான் மொழிபெயர்க்கப் போனேன்.

மதம் மாற்றினாரா என்று கேட்டீர்கள். நான் மாறவில்லை. பாட்டு, படம் வரைதல், பல் துலக்குவது எப்படி, அவித்த முட்டை, பன். முட்டைக்கு முன்னால் ஒரு ஜெபம். அதை அவர் தன் மொழியில் சொல்வார், பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் கூடவே சொல்லும். அவர் ஊர் சபைக்கு அனுப்பப் படம் எடுக்கும்போது கிழிந்த சட்டை போட்ட பிள்ளையை முன்வரிசையில் நிறுத்துவார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். அதையும் எழுதிவிடுகிறேன், ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன் என்று ஆகக்கூடாது. தமிழை அவர் பிள்ளைகளிடம்தான் கற்றார். அதனால் யாரைப் பார்த்தாலும் "இன்னாமா, துன்னியா?" என்றுதான் கேட்பார். லைன் வீட்டுப் பெண்கள் அதைக் கேட்கவே வாசலில் நிற்பார்கள்.

பிள்ளை தொலைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. ஆகையால் வேனில் ஏறும்போது ஒவ்வொரு பிள்ளையின் மணிக்கட்டிலும் பச்சைக் கம்பளி நூல் கட்டுவார். வீட்டு வாசலில் இறக்கியதும் கத்தரிக்கோலால் வெட்டித் துணிப்பையில் போட்டுக்கொள்வார். வெட்டிய நூல் பையில் இருந்தால் பிள்ளை வீடு சேர்ந்தது என்று கணக்கு.

யுவஸ்ரீ ஆறு வயதுப் பிள்ளை. தாயார் ஸ்ரீமதி எங்கள் லைன் வீட்டில் குடியிருப்பவர். ஸ்ரீமதி ஷிப்ட்டில் இருந்தபோது பூட்டிய அறைக்குள் பிள்ளை எதையோ கண்டு பயந்து, அதன் பின்பு தூக்கத்தில் அலற ஆரம்பித்தது. ஏரிக்கரை அம்மன் கோயில் பூசாரி மந்திரித்து, தாயத்து கோத்த கறுப்புக் கயிற்றைக் கையில் கட்டினார். இது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. கட்டிய கயிற்றில் கத்தரிக்கோல் படக்கூடாது, அது தானாகத்தான் அறுந்து விழ வேண்டும். இது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாத சங்கதி. யுனா அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

சென்ற ஞாயிறு மதியம் வகுப்பு முடிந்து பிள்ளைகளை வேனில் கொண்டுவந்தோம். நான் சின்னப் பிள்ளைகளோடு வேனுக்குள் இருந்தேன். யுவஸ்ரீயை அவள் வீட்டு வாசலில் இறக்கினோம். கதவு திறந்திருந்தது. உள்ளே குக்கர் விசில் கேட்டது. பிள்ளை கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. "கை காட்டு கண்ணு" என்று யுனா அக்கா சிரித்தபடி கையை இழுத்து வெட்டினார். பிள்ளை அழவில்லை. தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. வேன் நகர்ந்தது.

அதன் பின்பு நாங்கள் கூடத்துக்குத் திரும்பி, டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஸ்ரீமதி போன் செய்தார். "செல்வி, பாப்பாவ இன்னும் காணோமே, வண்டி கெளம்பலியா?" என்றார். இறக்கிவிட்டோம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அதன் பின்பு யுனா அக்கா, நான், ஓட்டுநர் பாபு மூவரும் அதே வேனில் புறப்பட்டோம். வழியில் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. வெளிநாட்டுக்காரி வேனில் பிள்ளை பிடிக்கிறாள், யாரும் விடாதீர்கள் என்றது. அது ஸ்ரீமதியின் குரல்தான். ஆனால் அந்தக் குரல் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. யுனா அக்கா என்ன என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

தெருமுனையில் ஆட்கள் ஒதுங்கி வேனுக்கு வழி விட்டார்கள். வேன் உள்ளே வந்ததும் வழி மூடிக்கொண்டது. யாரும் கத்தவில்லை. எனக்குப் பயம் வந்தது அதனால்தான். பின்சக்கரத்தில் யாரோ காற்றைப் பிடுங்கிவிடும் சத்தம் மட்டும் கேட்டது. பாபு இறங்கி ஓடிவிட்டார்.

யுனா அக்கா படியில் இறங்கி நின்று, துணிப்பையை அவரே ஸ்ரீமதியிடம் நீட்டினார். "பாருமா. பச்சை. கட் பண்ணேன். வூட்ல வுட்டேன்" என்றார். தன் பக்கம் சாட்சி இருக்கிறது என்கிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. ஸ்ரீமதி பைக்குள் கையை விட்டார். பச்சை நூல் துண்டுகளோடு கறுப்புக் கயிறும் வந்தது. தாயத்து அப்படியே இருந்தது.

"இது எம் பொண்ணு கவுறு" என்றார் ஸ்ரீமதி. மெதுவாகத்தான் சொன்னார்.

அதன் பின்பு எல்லோரும் பேசினார்கள். "கவுற அறுத்துட்டுதான் புள்ளைய தூக்குவாளுங்க." "எந்த கம்பெனிக்கு வித்த?" "தமிள்ல கேளுப்பா, துன்னியான்னு மட்டும் நல்லா கேக்குறா இல்ல." பால்கடைக்காரர் என் அப்பாவைப் பார்த்து, "இன்னா எல்லப்பா, புள்ள புடிச்சிக் குடுக்குற வேல உம் பொண்ணுதாமே, சம்பளம் கொரியா காசா?" என்றார். சிலர் சிரித்தார்கள். அப்பா கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

அந்தக் கயிற்றைப் பார்த்ததும்தான் முதுகுக்குப் பின்னால் போன கை எனக்கு நினைவு வந்தது. கயிறு இல்லாமல் பிள்ளை தாயார் முன்னால் போயிருக்காது. எங்கள் ஊரில் கயிறு கட்டுபவர் அம்மன் கோயில் பூசாரி ஒருவர்தான், அவரிடம் போயிருக்கும். "கோயிலாண்ட கீதான்னு பாருங்க, பூசாரியாண்ட போயிருக்கும்" என்று கத்தினேன். "உன்னியும் மாத்திட்டாளா?" என்றது ஒரு குரல். யாரும் நகரவில்லை. யுனா அக்காவைத் தனியே விட்டுப் போக எனக்குப் பயம். போகாமல் இருக்கவும் பயம். அவர் என் முழங்கையைத் தொட்டு, "நீ போ. பாப்பா பாரு" என்றார்.

கோயில் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கார் ஏற்றிய டிரெய்லர்கள் போய்க்கொண்டே இருந்தன. நான் கடந்தேன். ஆறு வயதுப் பிள்ளை எப்படிக் கடந்திருக்கும் என்று நினைக்காமல் கடந்தேன். கோயில் பூட்டியிருந்தது. வெளியே சூலத்துக்குப் பின்னால் யுவஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. கையை விடச் சொன்னேன்.

"வுட்டா உள்ள பூந்துடும்க்கா" என்றாள்.

எது என்று நான் கேட்கவில்லை. அவள் மணிக்கட்டை நானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சாலையை எப்படித் தாண்டினாய் என்றதற்கு, "லாரிங்க நின்னுச்சி" என்றாள்.

அதன் பின்பு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். தெருமுனையில் இருந்தே, "பாப்பா கெடச்சிட்டா" என்று கத்தினேன். ஸ்ரீமதி திரும்பினார். வேறு பலரும் திரும்பினார்கள். யுனா அக்கா வேன் படியில் உட்கார்ந்திருந்தார், ஒரு செருப்பு இல்லை, முட்டியில் மண். எங்களைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் பால்கடை ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பியோடு நின்றிருந்தார். அவரும் என் சத்தம் கேட்டுத் திரும்பினார். என்னைப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். பால்கடைக்காரரைப் பார்த்தார். அதன் பின்பு அடித்தார்.

பிள்ளை கிடைப்பதற்கு முன்னால் ஆத்திரத்தில் யாரோ அடித்துவிட்டார்கள் என்று தெருவில் இப்போது பேசுகிறார்கள். அப்படி இல்லை. முதலில் பிள்ளை வந்தது. அதைப் பார்த்தார். பிறகுதான் அடித்தார். வரிசை முக்கியம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

அடித்தவர் பெயர் எல்லப்பன். இந்தத் தாளில் தகப்பனார் பெயர் என்று நான் மேலே எழுதியிருப்பது அவர் பெயர்தான்.

யுனா அக்கா கத்தவில்லை. உட்காருவதுபோல் கீழே போனார். யுவஸ்ரீயின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன். அவள் மணிக்கட்டை விட்டுவிட்டாள். ஆம்புலன்ஸுக்கு நான் போன் செய்தேன். அதற்குள் தெரு காலியாகிவிட்டது. அப்பா கம்பியைக் குழாயடியில் கழுவி, பால்கடையில் அது எப்போதும் இருக்கும் மூலையில் சாய்த்து வைத்தார். இப்போதும் அங்கேதான் இருக்கும். அதன் பின்பு வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு சோறு போடச் சொன்னார். அம்மா போட்டார்.

யுனா அக்காவுக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை என்று அவர் சபையார் சொன்னார்கள்.

இன்று காலை தனியாகப் போகிறேன் என்றேன். அப்பா கேட்கவில்லை. என் ஹெல்மெட்டின் பட்டையை அவரே மாட்டிவிட்டார். இறுக்கமாக இருக்கிறதா என்று தாடைக்கடியில் விரல் விட்டுப் பார்த்தார். சிறு வயதில் ஸ்கூல் டையை அப்படித்தான் சரிபார்ப்பார். சிக்னலில் வண்டி நின்றபோது, முகத்தைத் திருப்பாமல், "நீ இன்னாத்த பாத்த? ஒண்ணியும் பாக்கல. சொல்ட்டு வா, வூட்டுக்குப் போலாம்" என்றார். நான் சரி என்றேன். அந்த ஒரு சொல் மட்டும் பொய்.

மற்றபடி இதில் உள்ளவை நான் கண்ணால் பார்த்தவையும் காதால் கேட்டவையும்தான். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. அத்தனையும் உண்மை. கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டுவது முறை என்று தலைமைக் காவலர் அம்மா சொன்னார். வேண்டாம். நான் எழுதியது எனக்குத் தெரியும். அப்பா வண்டியில் இருந்து இறங்கி சன்னலுக்கு அருகே, நிழலுக்காக வந்து நிற்கிறார்.

எ. முத்துச்செல்வி