சோப்பு ஆயில் என்று வீட்டுக்கு வந்த கேன்

என் பெயர் ஜெனிஃபர், வயது 28, கணவர் பெயர் ஜான்சன். கடப்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் குடியிருந்து தையல் வேலை செய்கிறேன். எங்களுக்குக் கவியா என்ற ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். இன்று நிலையத்துக்கு வந்து உதவி ஆய்வாளர் விசாரிக்கச் சொல்வதாவது:

என் கணவர் அச்சரப்பாக்கம் பக்கம் ஒரு தனியார் எண்ணெய்க் கிடங்கில் வேலை செய்கிறார். கிறிஸ்துமஸுக்கு வீடு கழுவும் சமயம், அங்கே பாதுகாப்பு அதிகாரியாக உள்ள பக்தவத்சலம் என்பவர், தீயணைக்கும் நுரை மருந்து காலாவதியாகிவிட்டது, பாத்திரம் கழுவ நன்றாக இருக்கும் என்று தொழிலாளர்களுக்குக் கேனில் கொடுத்தார். தெருவில் சைக்கிளில் கொண்டுவந்து விற்கும் சோப்பு ஆயில் போலவே இருந்ததால் நான் சந்தேகப்படவில்லை. ஒரு மூடி ஊற்றினால் வாளி நிறைய நுரை வரும். அதில்தான் பாத்திரமும் கவியாவின் துணியும் கிண்ணமும் கழுவினேன். என் கையில் தோல் உரிந்தது. புது சோப்பு என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு போன வாரம் கிடங்குக்குத் தீயணைப்புப் பயிற்சி கொடுக்க வந்தவர், பழைய நுரை மருந்தைக் கையால் தொடாதீர்கள், உடம்பில் சேர்ந்தால் வருஷக்கணக்கில் இரத்தத்தில் தங்கும், ஈரல், தைராய்டு கெடலாம், சில புற்றுநோயும் வரலாம் என்றாராம். என் கணவர் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் ஓடி வந்து, மிச்சத்தை வாசல் சாக்கடையில் கவிழ்த்துத் தண்ணீர் அடித்தார். நுரை அடங்கவில்லை, தெருவில் முழங்கால் உயரம் ஏறியது. தெருப் பிள்ளைகள் அதை அள்ளி ஆடினார்கள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர்களைத் துரத்தினேன். எதிர்வீட்டு ஃபக்ருன்னிசா அக்கா, "இன்னாம்மா இது, அடிபம்பு வரைக்கும் போய்கினு கீது" என்று கத்திவிட்டுப் போலீசுக்குப் போன் செய்தார். அவர் செய்தது சரிதான்.

அதன் பிறகு அரசு மருத்துவமனைக்குப் போனேன். உடம்பிலிருந்து இதை எடுக்க மருந்து இல்லை, எந்த ரசாயனம் என்று தெரிந்தால் வெளி லேபில் இரத்தப் பரிசோதனை செய்யலாம், தாய்ப்பாலை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். செங்கல்பட்டில் இலவச சட்ட உதவி வக்கீல் ஜாய்ஸ் என்பவர், நுரை எங்கிருந்து வந்தது என்று பதிவானால்தான் கிடங்கிடம் அதன் விவரம் கேட்கவும், பரிசோதனைச் செலவும் இழப்பீடும் கேட்டு வழக்குப் போடவும் முடியும் என்றார்.

நேற்று பக்தவத்சலம் எங்கள் வீட்டுக்கு வந்து, கேனைச் சைக்கிள்காரரிடம் வாங்கியதாகப் போலீசில் சொன்னால் ஜான்சனுக்கு வேலை இருக்கும், இல்லாவிட்டால் திருடியதாகப் புகார் கொடுப்போம் என்றார். அவர் போனதும் என் கணவர், "அப்டியே சொல்லிடு ஜெனி. வேல போச்சுனா வூட்ல இன்னா பண்றது?" என்றார். என்னால் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே வெறும் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

கேட்டதற்கு: சைக்கிள்காரரிடம் வாங்கவில்லை. கிடங்கில் கொடுத்ததுதான். என் கணவர் திருடவில்லை. அவர் வேலை போகும் என்று தெரிந்தே இதைச் சொல்கிறேன். அவர் வெளியே குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவள் பசியில் அழுகிறாள். டாக்டர் சொன்னதால் பால் கொடுக்கத்தான் போகிறேன். பாலோடு சேர்த்து என்ன கொடுக்கிறேன் என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டும்.

இதில் எழுதியதெல்லாம் நான் சொன்னதே. படித்துக் காட்டக் கேட்டேன், எதையும் கூட்டவில்லை, மறைக்கவில்லை, உண்மை.

(ஒப்பம்) ஜா. ஜெனிஃபர்