குதிரை மேல் மாமன் முகம்

கண்ணைக் கவரும் இக்கலைக் கண்காட்சிக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, குப்பையில் கோபுரம் கட்டும் ஓவிய ஆசிரியர் பிராங்க்ளின் அவர்களே, களத்து வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இந்த ஆள் எப்போது முடிப்பான், சுண்டல் எப்போது வரும் என்று காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் கறம்பக்குடி கடைத்தெருவில் பிளெக்ஸ் அச்சடிக்கும் ஆத்மநாதனின் பணிவான வணக்கம்.

என்னைச் சிறப்பு விருந்தினர் என்று அழைத்தீர்கள். சால்வை போர்த்தினீர்கள். எதற்காக? இங்கே நிற்கும் யானைக்கும் மயிலுக்கும் மூலப்பொருள் தந்த வள்ளல் என்பதற்காக. அந்த மூலப்பொருள் எது? குப்பை. அந்தக் குப்பையை ஊருக்கு வழங்கியவன் யார்? அடியேன்தான். காதுகுத்தா, கூப்பிடு ஆத்மநாதனை. கல்யாணமா, கூப்பிடு ஆத்மநாதனை. கருமாதியா, அதற்கும் கூப்பிடு ஆத்மநாதனை. கம்பம் கம்பமாகக் கட்டினேன். சந்து சந்தாகச் சாத்தினேன். விழா முடிந்த மறுநாள் அது ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை. அடுத்த மழையில் வாய்க்காலுக்கு அடைப்பு. வாய்க்காலை அடைத்தவனுக்கு ஊர் கூடிச் சால்வை போர்த்துகிறது. உங்கள் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பின்வரிசையில் யாரோ 'உண்மைதான்' என்கிறார். நன்றி ஐயா, தண்ணீர் தேங்கியது உங்கள் வீட்டு வாசலில்தான் என்று நினைக்கிறேன்.

என் தொழிலின் இலக்கணம் இந்த ஊருக்கே தெரியும். காதணி விழா பிளெக்ஸில் குழந்தை முகம் சிறிதாக இருக்கலாம். சாமி படம் ஓரத்தில் இருக்கலாம். ஆனால் தாய்மாமன்? நடுவில் இருக்க வேண்டும், நாற்காலியில் இருக்க வேண்டும், எல்லோரையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும். அவர் மடியில்தானே காது குத்துகிறோம்? இத்தனையும் அறிந்த இந்த அறிவாளி, போன பங்குனியில் என்ன செய்தான் தெரியுமா?

இந்த ஊர் மணிமேகலை தன் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார். அவருக்கும் அண்ணன் ரெங்கராஜுக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. போர்வெல் யார் பங்கில் வரும் என்ற சண்டை. கடைக்கு வந்த மணிமேகலை சொன்னார்: "அண்ணே, எங்கண்ணன் மொகத்தைப் பெருசாப் போடுங்க. பத்திரிகை வச்சுட்டு வந்துட்டேன். வாரேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. மண்டப வாசல் வரைக்கும் வந்து அந்த மொகத்தைப் பாத்துட்டா, உள்ள வந்துருவாரு." நானும் நெஞ்சுருகி, மாமனுக்கு மீசையைக் கூடக் கொஞ்சம் கறுப்பாக்கி அச்சடித்தேன்.

அன்று மாலை பழைய பிளெக்ஸ் கேட்டு இந்தப் பிள்ளைகள் வந்தார்கள். தொழிலதிபர் ஆத்மநாதன் என்ன செய்தார்? காதில் போன். கையில் டீ. காலை நீட்டி, "அங்கிட்டு மூலையில கெடக்கு, எடுத்துக்கங்க" என்றார். அந்த மூலையில் இரண்டு கட்டு இருந்தது, ஒன்று பழசு, ஒன்று புதுசு. மை வாசம் மாறாத மாமன், குப்பையோடு குப்பையாகப் பள்ளிக்கூடம் போனார்.

விழா நாள் காலையில் மிச்சமிருந்த கட்டை விரித்தேன். கண்ணீர் அஞ்சலி. காதுகுத்து மண்டப வாசலில் அதையா கட்டுவது? மறுபடி அச்சடிக்கலாம் என்றால், மாதாந்திரப் பராமரிப்பு, ஊரெங்கும் கரண்ட் இல்லை. அலறியடித்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன்.

விடுமுறையிலும் பிள்ளைகள் கண்காட்சி வேலையில் இருந்தார்கள். அய்யனார் கோயில் குதிரை அளவுக்கு ஒரு குதிரை. மூங்கில் பிளாச்சில் கூடு, பாட்டில் மூடியில் சலங்கை, உடம்பெல்லாம் பிளெக்ஸ் துண்டு. "மாமன் எங்கடா?" என்றேன். எட்டாம் வகுப்பு தஸ்லீமா அமைதியாகச் சொன்னாள்: "இங்கதான் சார் இருக்காரு. இங்கிட்டு ஒரு கண்ணு, அங்கிட்டு ஒரு கண்ணு. மீசை வாலுக்குப் போயிருச்சு."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்காதீர்கள் தாய்மார்களே, அன்று அழுகைதான் வந்தது. ஓர் அண்ணனும் தங்கையும் சேர இருந்த ஒரே வழியை நான் காலால் காட்டிக் கொடுத்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். தஸ்லீமாதான் என்னை எழுப்பினாள். "குதிரையவே கொண்டுபோய் வாசல்ல நிப்பாட்டுங்க சார். அவரு மொகம் முழுசா இதுலதான் இருக்கு. ஒரு துண்டையும் நாங்க கீழ போடல."

லோடு ஆட்டோவில் குதிரை போனது. மணிமேகலையிடம் விவரத்தைச் சொன்னேன். பதிலுக்கு அவர் பார்த்த பார்வையில், நான் குதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ரெங்கராஜ் வந்தார், சீர்த்தட்டோடு வந்தார். வாசலில் நின்று குதிரையை அண்ணாந்து பார்த்தார். "ஊரு மொகமெல்லாம் இருக்கு. எம்மொகத்துக்கு மட்டும் எடமில்லையா?" என்று திரும்பினார். மணிமேகலை ஓடிவந்து கையைப் பிடித்தார். "இருக்குண்ணே. இந்தா பாரு, இது ஒங்கண்ணு." அவர் குனிந்து பார்த்தார். "ஆமா. மத்தது எங்க?" "அங்கிட்டு இருக்கும், வா." அண்ணனும் தங்கையும் குதிரையைச் சுற்றினார்கள். காதைக் கண்டார்கள், கழுத்துச் சங்கிலியைக் கண்டார்கள். கடைசியில் வாலில் மீசையைக் கண்டதும் அவர் சிரித்தார். அண்ணன் சிரித்ததைப் பார்த்து அந்த அம்மா அழுதுவிட்டார். சற்று நேரத்தில் குழந்தை மாமன் மடியில் இருந்தது.

பெரியோர்களே, யார் சேர்த்து வைத்தது? என் மிஷினா? என் மையா? நான் கறுப்பாக்கிய மீசையா? இத்தனை வருடமாகப் பெரிதாக அடித்தேன், தூரத்தில் நின்றே பார்த்துவிட்டுப் போனார்கள். உயரத்தில் கட்டினேன், கழுத்து வலித்ததுதான் மிச்சம். இந்தப் பிள்ளைகள் துண்டு துண்டாகத் தைத்தார்கள். துண்டைத் தேட அருகில் வர வேண்டியிருந்தது. காட்டிக் கொடுக்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டியிருந்தது. அதற்குப் பெயர் கலை என்று பிராங்க்ளின் சார் சொல்கிறார். நான் ஒத்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம் ரெங்கராஜ் என் கடைக்கு வந்தார். புதுவீடு பால் காய்ச்சுகிறாராம், தங்கச்சி படம் போட வேண்டுமாம். எந்த அளவு என்று கேட்டேன். "அளவெல்லாம் வேணாம்ப்பா. அடிச்சு அந்தப் புள்ளைககிட்டக் குடுத்து வெட்டச் சொல்லு. நானும் எந்தங்கச்சியும் சுத்தி வந்து தேடிக்கிறோம்" என்றார்.

அச்சடிக்க நான் தயார். வெட்டப்போகும் விரல்களுக்கும், வெட்டக் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கும், குப்பைக்காரன் பேச்சைக் குறையின்றிக் கேட்ட உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.