அவளுக்குப் பிடித்தவை

2019 ஜனவரி இதழில் ஒரு மாதப் பத்திரிகை என் மனைவிக்குப் பிடித்தவற்றை ஒரு முழுப் பக்கத்துக்கு வெளியிட்டது. புத்தக அட்டைக்குப் படம் வரைகிறவள். என்ன கேட்பாள், என்ன பார்ப்பாள், என்ன உடுத்துவாள் என்று வாசகர்களுக்குச் சொல்லும் பகுதி அது. வரையும்போது கேட்கும் வயலின், மழையில் நனைந்தபடியே இருவர் பேசிக்கொண்டிருக்கும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், தோளைத் தொடும் வெள்ளித் தொங்கட்டான், ஆண்கள் அளவில் தைத்த கரும்பச்சைச் சட்டை. நான் அதில் இல்லை.

அதற்காகக் கோபப்பட்டேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். சட்டைக்கு இடம் இருந்தது, கணவனுக்கு இல்லை. பக்கம் அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். எனக்கு உறுத்தியது வேறு. அந்த வயலினை அவள் எதன் வழியாகக் கேட்கிறாள் என்பதற்கு அங்கே ஒரு வார்த்தை இல்லை.

எனக்குக் காது மெஷின் கடை. காதைச் சோதித்து, மெஷினைப் பொருத்தி, கம்ப்யூட்டரில் இணைத்து, அவரவர் காதுக்கு ஏற்றபடி ஒலியைச் சரிசெய்து கொடுப்பேன். அவளும் என்னிடம் அப்படி வந்தவள்தான். சிறு வயதுக் காய்ச்சலில் கேட்கும் திறன் பாதி போயிருந்தது. நான் பொருத்தியதும் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்து, "இது இவ்வளவு பேசுமா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு சிரிப்பெல்லாம் வயலினுக்குப் போனது. நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவாள். "ஒரு நிமிஷங்க, இந்த இடம் போயிடும்." அந்த இடம் எங்கும் போகாது. மறுநாளும் வரும். சாப்பாட்டுப் பையோடு கதவருகே நிற்பவன் நான்.

பத்திரிகை வந்த வாரம் மெஷின்களைச் சுத்தம் செய்யக் கொடுத்தாள். உயர்ந்த சுருதிகளைக் கொஞ்சம் குறைத்தேன். சத்தத்தைக் கூட்டும் பொத்தானை முடக்கினேன். காதுக்கும் ஓய்வு வேண்டும்.

"வயலின் தகரத்தைச் சுரண்டற மாதிரி இருக்குங்க" என்றாள்.

"காது இறங்குதோ என்னவோ. டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்."

சோதனை அறை கண்ணாடிப் பெட்டி போல இருக்கும். ஹெட்போனில் சத்தம் வந்தால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பல தடவை சத்தமே அனுப்பவில்லை. கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குனிந்து எழுதினேன். வெளியே வந்தவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். கல்யாணமான பிறகு அவளாகச் சாய்ந்தது அன்றுதான்.

அதன்பிறகு ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் இன்னும் கொஞ்சம் குறைத்தேன். படங்களில் வசனம் பிடிபடாமல் போனது. தியேட்டரில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு அவள் சிரிப்பாள். பக்கத்து வரிசை திரும்பிப் பார்த்ததும் தியேட்டருக்குப் போவதை நிறுத்தினாள். தொங்கட்டான் மெஷினில் பட்டு இரையும் என்றேன். கழற்றி வைத்தாள். மெஷினை மறைக்க முடி வளர்த்தாள், கரும்பச்சைச் சட்டையை அலமாரிக்குள் தள்ளினாள். நான் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

என் குரல் அடித்தொண்டைக் குரல். மெஷினில் அது இருக்கும் தாழ்ந்த சுருதியை மட்டும் நான் தொடவே இல்லை.

"நீங்க பேசறது ஒண்ணுதாங்க எனக்குப் புரியுது" என்றாள் ஒருநாள். அவள் தங்கை பக்கத்தில் இருந்தாள். "குடுத்து வெச்சவர் அத்தான் நீங்க. உங்க குறட்டையும் கேக்காது, உங்களைப் பத்தி நான் சொல்றதும் கேக்காது" என்றாள். மூவரும் சிரித்தோம். என் மனைவி எங்கள் வாயைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் ஓவியங்களில் ஆட்கள் குறைந்தார்கள், வெற்றிடம் கூடியது. அபூர்வமான மௌனம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பரிசும் வந்தது. போன ஜனவரியில் அதே பத்திரிகை மறுபடியும் அவளுக்குப் பிடித்தவற்றைக் கேட்டது. ஒன்றே ஒன்று சொன்னாள்: என் கணவரின் குரல். அந்த இதழில் ஐந்து பிரதி வாங்கினேன். ஒன்றைக் கடையில் வாடிக்கையாளர் உட்காரும் இடத்தில் வைத்தேன்.

பிப்ரவரியில், வரைவதற்கு வண்ணம் வாங்கக் கடைக்குப் போகிற வழியில், பின்னால் வந்த ஸ்கூட்டர் அவளை இடித்தது. ஓட்டியவன் ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்திருக்கிறான். அந்தச் சுருதியை நான் குறைத்திருந்தேன், ஆனால் ஸ்கூட்டரை நினைத்துக் குறைக்கவில்லை. வலது மணிக்கட்டு நொறுங்கியது. தலையிலும் அடி பட்டதால் ஆஸ்பத்திரியில் காதையும் சோதித்தார்கள்.

அவள் தங்கை சோதனை முடிவுத் தாளோடு வராந்தாவுக்கு வந்தாள். "அக்கா காது கல்யாணத்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்காம். அப்போ இத்தனை வருஷமா நீங்க என்னத்தை டெஸ்ட் பண்ணீங்க அத்தான்?"

"மெஷினுக்கு மெஷின் வித்தியாசம் வரும்" என்றேன்.

"ஆளுக்கு ஆளும் வரும் போல" என்றாள். அப்புறம் அவள் என்னை அத்தான் என்று கூப்பிடவில்லை.

ஆம், குறைத்தது நான்தான். சோதனை முடிவுகளை மாற்றி எழுதியதும் நான்தான். அவளால் இனி தூரிகையைப் பிடிக்க முடியும், கோடு நேராக வராது என்கிறார்கள். அதற்கும் நான்தான் காரணம் என்று நீங்கள் எழுதினால் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் காதுகளை என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

நேற்று அவளை ஸ்டேஷனில் இந்த அறைக்கு அழைத்து வந்தீர்கள். கையில் கட்டு, தோளில் தொங்கட்டான், காதுகளில் வேறு யாரோ பொருத்திய புது மெஷின்கள். "எப்படி இருக்கே?" என்று கேட்டேன். அவள் இடது கையால் இரண்டு மெஷின்களையும் கழற்றிப் பைக்குள் போட்டாள். நான் பேசி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொருத்தியவர் அளவு சரியாக எடுக்கவில்லை. காது வலித்திருக்கும்.