மெட்டிக்கு அடியில்

"தோல் புத்துநோயெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்றது, நம்ம கறுப்புத் தோலுக்கு எதுக்கு சிஸ்டர் செக்கப்பு?"ன்னு முன்வரிசையில ஒரு அம்மா கேட்டாங்க. நல்ல கேள்வி. அதுக்குப் பதிலா ஒரு குட்டிக் கதை சொல்றேன், டீ வர்றதுக்குள்ள முடிச்சிருவேன்... அந்தக் கடைசி வரிசை, பேச்சை நிறுத்திட்டு இங்க பாருங்க.

நான் ரிட்டையர் ஆகுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. தோல் டாக்டர் ரூம்ல எனக்கு டூட்டி. கோவில்பட்டிப் பக்கத்துல இருந்து குருவம்மான்னு ஒருத்தி வந்தா. பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர். "என் கதைய எங்க வேணாலும் சொல்லுங்க சிஸ்டர்"னு அவளே சொன்னா, அதனால பேரோட சொல்றேன்.

எதுக்கு வந்தா? அவ கூடப்பிறந்த அண்ணனுக்கு உள்ளங்கால்ல ஒரு கறுப்புப் புள்ளி. கால் ஆணின்னு நெனச்சு ஒன்றரை வருஷம் பிளாஸ்டர் ஒட்டிக்கிட்டே திரிஞ்சிருக்காரு. கடைசியில என்னாச்சு... பாதிப் பாதத்தை எடுக்க வேண்டியதாப் போச்சு. தோல் புத்து. கூடப்பிறந்தவங்க எல்லாரும் தலையில இருந்து கால் வரைக்கும் தோலைக் காட்டிருங்கன்னு சொல்லி விட்டாங்க. அதான் வந்திருக்கா.

டாக்டர் ஷெரின். சின்னப் பொண்ணு, ஆனா வேலையில படு கறார். குருவம்மாவுக்கு ஒரு கவுனக் குடுத்து, திரைய இழுத்து விட்டுட்டு ஆரம்பிச்சாங்க. முடிய வகிடு வகிடாப் பிரிச்சுப் பார்த்தாங்க. காதுக்குப் பின்னாடி, அக்குள், முதுகு, மாருக்கு அடியில, பாவாடை நாடா இறுக்குற இடுப்பு... லைட் வெச்ச லென்ஸால ஒவ்வொரு மச்சத்தையும் பார்த்தாங்க. குருவம்மா கூச்சப்படவே இல்ல. எனக்கே ஆச்சரியம். அண்ணன் காலைப் பார்த்த பயம் அப்படி.

எல்லாம் முடிஞ்சு பாதத்துக்கு வந்தாச்சு. அங்கதான் சிக்கல்.

"அம்மா, இந்த மெட்டியக் கழட்டுங்க."

"அது முடியாதுங்க டாக்டர்."

"அடியில கறுப்பாத் தெரியுதே..."

"வெள்ளி தேய்ஞ்ச கறுப்புதான். மெட்டி போட்ட எல்லாருக்கும் இருக்கும். இந்தா சிஸ்டர் காலப் பாருங்க, இவங்களுக்கும் இருக்கு."

எனக்கும் இருந்துச்சு, நான் காலப் பின்னால இழுத்துக்கிட்டேன். டாக்டர் விடல.

"இடது கால்ல அவ்வளவா இல்லையேம்மா. வலது கால்லதானே இவ்வளவு இருக்கு?"

"ரெண்டு விரல்தானே டாக்டர். அத விட்டுட்டு மத்ததெல்லாம் நல்லாருக்குன்னு எழுதிக் குடுங்க."

"நான் பாக்காத இடத்த எப்படிம்மா நல்லாருக்குன்னு எழுதுவேன்?"

குருவம்மா கண்ணு கலங்கிருச்சு. "அவரு வெளிய குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. அவரு இருக்கும்போது நான் மெட்டியக் கழட்டுனா... வேணாம் டாக்டர். எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல."

கேட்டீங்களா? அண்ணன் காலு போனதக் கண்ணால பார்த்தவ. உடம்பு முழுசையும் கூசாமக் காட்டுனவ. ஒரு நகக்கண் அகலத் தோலக் காட்ட மாட்டேங்குறா. ஏன்? தன் உசுரு மேல ஆசை இல்லாமயா? இல்ல. புருஷன் உசுரு மேல உள்ள ஆசை. எனக்குக் கோவமும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு. விறுவிறுன்னு வெளிய போனேன்.

அவ வீட்டுக்காரர் சீனிராஜ். ஷேர் ஆட்டோ ஓட்டுறவரு. விஷயத்தச் சொன்னேன். சண்டைக்கு வருவாருன்னுதான் நெனச்சேன். மனுஷன் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்தாரு. வந்து... தரையில உக்காந்தாரு. அவ கால எடுத்துத் தன் முழங்கால் மேல வெச்சாரு.

"என்னங்க, வேணாங்க..."

"அன்னைக்கு அம்மி மேல உன் கால வெச்சு யாரு போட்டது? நான்தான? நானே கழட்டுறேன்."

"உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"என் உசுரு இந்தக் கம்பியிலயா இருக்கு? நீ நல்லாருந்தாத்தான் நான் நல்லாருப்பேன். கால ஆட்டாத."

இருபத்தேழு வருஷ மெட்டி. லேசுல வருமா? சோப்புத் தண்ணி விட்டு நானும் சேர்ந்து திருகுனேன். வந்துச்சு. டாக்டர் துடைச்சாங்க... போகல. லென்ஸ வெச்சாங்க. வெள்ளிக் கறை இல்ல அது. மிளகுல பாதி இருக்கும், ஓரம் நெளிஞ்ச ஒரு புள்ளி.

தோல் துணுக்கு எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனோம். அதேதான். அண்ணனுக்கு வந்த அதே புத்து. ஆனா மேல்தோல்லயே நின்னிருந்துச்சு, உள்ள எறங்கல. அந்தத் தோல மட்டும் சுத்தி எடுத்துட்டு, தொடையில இருந்து தோல் எடுத்து ஒட்டுனாங்க. விரல் போகல, காலு போகல. இன்னைக்கும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் கொதிக்குதான்னு நின்னு பார்த்துக்கிட்டிருக்கா. சீனிராஜும் கல்லு மாதிரிதான் இருக்காரு.

இப்பச் சொல்லுங்கம்மா... கறுப்புத் தோலுக்கு வராதா? வரும். வெள்ளைக்காரங்க அளவுக்கு வராது, உண்மைதான். ஆனா நமக்கு வந்தா நாம பாக்காத எடமாப் பார்த்து வரும். உள்ளங்கால், நகத்துக்கு அடியில, நாடா இறுக்குற இடுப்பு. "இது தேய்ஞ்ச கறுப்பு", "இது ஆணி", "இது செருப்புக் கடி"ன்னு நாமளே பேரு வெச்சு மூடிருவோம். புதுசா ஒரு கறுப்பு வந்தா, இருக்குற மச்சம் பெருசானா, ஆறாம புண்ணா நின்னா, பேரு வைக்கிற வேலைய டாக்டர்கிட்ட விட்டுருங்க.

அடுத்த சனிக்கிழமை இதே மண்டபத்துல கேம்ப். லேடி டாக்டர்தான் வர்றாங்க, திரை உண்டு. முழு உடம்பும் காட்டணும்னா முழு உடம்பும்தான், ஒரு விரல் பாக்கி வெக்கக் கூடாது. பின்னாடி கையக் கட்டிக்கிட்டு நிக்கிற ஐயாமாரே, உங்களுக்கும்தான். உங்களுக்காகத்தான் அவங்க மறைக்கிறாங்க. கூட வாங்க. வெளிய உக்காராதீங்க, உள்ள வந்து "காட்டு, எனக்கு ஒன்னும் ஆகாது"ன்னு உங்க வாயால சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க.